விட்டுவிட்டு வரும் இணைப்பில் மடலாடற்குழு: மழைக்காலத்தில் என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். வால்பாறையில் எங்கள் வாசிப்புக் கூடத்துக் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் (மின்மடலை அனுப்பிப் பெறும் மென்பொருள்), மெயில்மேன் 2.1 (குழுவை நடத்தும் மென்பொருள்) ஆகியவற்றைக் கொண்டு, ஒருவர் எழுதும் மின்மடல் எல்லாருக்கும் போகும்படி 140 பேர் அடங்கிய மடலாடற்குழு ஒன்றை நடத்தி வருகிறேன். முப்பது பேர் கூடத்தின் உள்வலையமைப்பிலேயே மடல் படிப்பவர்கள், மற்றவர்கள் வெளியூர். சென்ற ஜூலை மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்து, 11 நாள் இணைப்பே இல்லை. இங்குள்ளவர்கள் அப்போதும் தமக்குள் நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நாள் முதல் வெளியூருக்கான மடல்கள் திரும்பத் தொடங்கின; கம்பியைச் சரிசெய்து முடிப்பதற்குள் வெளியூர் உறுப்பினர் 110 பேருக்கும் மடல் நிறுத்தப்பட்டிருந்தது. இனி இப்படி நேராமல் தடுப்பது எப்படி?

பதில் 1:
உறுப்பினர் முகவரிகளில் குறையில்லை. அனுப்ப இயலாத மடலைப் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரிசையில் வைத்திருந்து, பிறகு திருப்பிவிடும். அப்படித் திரும்பும் மடல்களை மெயில்மேன் ஓர் உறுப்பினருக்கு நாளொன்றுக்கு ஒரு புள்ளி என்று கணக்கிட்டு, 5 புள்ளி சேர்ந்ததும் நிறுத்திவிடும். ஆகவே போஸ்ட்ஃபிக்ஸில் இந்த வரிசைக் காலத்தைக் குறிக்கும் 'மாக்சிமல் கியூ லைஃப்டைம்' அளவை 20 நாளாக உயர்த்துங்கள். மழைக்காலம் முடியும்வரை மெயில்மேனின் திரும்பு மடல் கணக்கை அணைத்தே வையுங்கள். செல்லாத முகவரிகள் சில நீக்கப்படாமல் தங்கும்; அதனால் பெரிய கேடில்லை.

பதில் 2:
குழுவை வெளியே வாடகை வழங்கிக்கு (சர்வருக்கு) மாற்றிவிடுவது எளிதுதான். ஆனால் கம்பி அறுந்த நாட்களில் உங்கள் முப்பது பேரின் உரையாடல் அங்கேயே நின்றுபோகும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியே ஒரு சிறு வழங்கியை மட்டும் வைத்து, குழுவுக்கு வரும் மடல்களை அது வாங்கி வைத்திருக்கும்படி எம்எக்ஸ் பதிவை (உங்கள் மடல்கள் எந்த வழங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவை) மாற்றுங்கள். அனுப்புபவரின் வழங்கி 4, 5 நாளாவது முயல வேண்டும் என்று மின்மடல் பரிமாற்றத்துக்கான ஆர்எஃப்சி 5321 என்னும் தர ஆவணம் சொன்னாலும், முயற்சிகளுக்கு இடையிலான நேரம் கூடிக்கொண்டே போவதால், உங்களுக்கு இணைப்பு கிடைக்கும் சிறிது நேரத்தில் அது முயலும் என்று நம்பியிருக்க முடியாது. இணைப்பு வந்தவுடன், காத்திருக்கும் மடல்களை அனுப்பச் சொல்லும் இடிஆர்என் கட்டளையால் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் கணினியைக் குறிக்கும் எண்) மாறிக்கொண்டிருந்தால், இரு கணினிகளையும் தனிவழியில் இணைக்கும் வயர்கார்ட் சுரங்கம் தேவைப்படும். அந்த வழங்கியிலும் வரிசைக் காலத்தை நீட்ட மறந்துவிடாதீர்கள்.

பதில் 3:
அனுப்புவதையும் பதில் 2 சொல்லும் அதே வெளி வழங்கி வழியாகவே செய்யுங்கள். உறுப்பினருக்கு ஒரு படி (நகல்) வீதம் தனித்தனியாக அனுப்பும் அமைப்பை மெயில்மேனில் அணைத்துவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸ் ஒரே படியில் 50 முகவரிகள் வரை சேர்த்து அனுப்பும். 110 முறை போக வேண்டிய மடல் உங்கள் மெல்லிய கம்பியில் மூன்றே முறை போகும். அதை ஒவ்வொருவருக்கும் நகலெடுத்து அனுப்பும் வேலையை வெளி வழங்கி பார்த்துக்கொள்ளும்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை கம்பியைக் கழற்றிவிட்டு உள்ளிருந்து ஆறு மடல்கள் எழுதினோம். ஆறும் வரிசையில் காத்திருந்தன. இன்று காலை கம்பியைச் செருகியதும் வெளியூர் உறுப்பினர்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. இடைப்பட்ட நேரத்தில் இருபுறமும் தனித்தனியே பேசியதால் மறுமொழிகள் முன்பின்னாகக் கலந்துவிட்டன. எந்த மடலுக்குப் பதில் எழுதுகிறோமோ அதிலிருந்து இரண்டு வரியையாவது மேலே எடுத்துக்காட்டும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.