'குளோஸ்' என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்? பயிற்சிநூலுக்காக ஒரு வேண்டுகோள்

சுன்னாகத்திலிருந்து, ஆங்கில ஆசிரியை:

மதிப்புக்குரிய குழுவினருக்கு வணக்கம்.

பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்காக நானும் வேறு இரண்டு ஆசிரியர்களும் எழுதிய ஆங்கில இலக்கணப் பயிற்சிநூல் அடுத்த வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். விளக்கங்கள் தமிழிலும் பயிற்சிகள் ஆங்கிலத்திலும் அமைந்துள்ளன. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றில் எங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. முன்னிடைச்சொல்லும் துணைவினையும் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டன. 'குளோஸ்', அதாவது தனக்கென எழுவாயும் வினையும் கொண்ட வாக்கியப் பகுதி, என்ற ஒன்றில் மட்டும் மூவரும் மூன்று பக்கம் நிற்கிறோம்.

ஆசிரியர்களிடையே கைமாறி வரும் பழைய குறிப்புகளில் அதற்கு 'எச்சத்தொடர்' என்று பெயர். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் கற்பித்தேன். சென்ற தவணைப் பரீட்சையில், 'நான் பள்ளிக்கூடம் வந்தபோது மழை பெய்தது' என்பதை ஒரு மாணவி 'வென் ஐ கமிங் ஸ்கூல், றெயின் கேம்' என்று எழுதியிருந்தாள். அவளுக்கு இறந்தகாலம் தெரியாமல் இல்லை. இரண்டாம் பாதியில் 'கேம்' என்று இறந்தகாலத்தில்தான் எழுதியிருக்கிறாள். முதற்பாதியில் ஏன் அப்படி எழுதவில்லை என்று கேட்டேன். "எச்சத்தொடருக்கை முற்றுவினை வரக்கூடாதெல்லோ ரீச்சர்" என்றாள். நான் கற்பித்ததையே அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

'வந்தபோது' என்பதில் 'வந்த' பெயரெச்சம். அதில் நான், நீ, அவள் என்ற வேறுபாடு இல்லை. ஆங்கிலத்திலோ 'வென்' என்ற சொல்லுக்குப் பின் எழுவாயும் காலம் காட்டும் முற்றுவினையும் முழுமையாக நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்கு நாங்கள் எச்சம் என்று பெயரிட்டு, பிள்ளையைப் பிழைவிடச் செய்திருக்கிறோம். நான் 'உறுப்புவாக்கியம்' என்று எழுதியிருக்கிறேன். மற்ற இருவரில் ஒருவர் 'கிளைவாக்கியம்' என்கிறார். மற்றவர் 'குளோஸ்' என்றே விட்டுவிடலாம் என்கிறார். உங்கள் கருத்தைப் புதன்கிழமைக்குள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

வட்டுக்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி தமிழ் இலக்கணத்தைச் சரியாக விளங்கி வைத்திருக்கிறாள் என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். எச்சத்துக்குள் முற்று வராது என்பது உண்மை. பிழை பெயரிட்டவர்களுடையது.

ஆனால் நீங்கள் மூவரும் முன்வைக்கும் சொற்களில் ஒன்றேனும் நம் இலக்கண நூல்களின் வழியில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. 'வாக்கியம்' வடசொல். அதை ஒட்டி உறுப்பும் கிளையும் கட்டுவதற்கு முன்னர், நம்மிடம் ஏற்கெனவே இருப்பதைப் பார்க்க வேண்டாமா? 'கண்டனன் வணங்கினான்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 'கண்டனன்' என்பது வடிவத்தில் முற்று. ஆண்பால் ஒருமை விகுதி பெற்று நிற்கிறது. பொருளிலோ அது 'கண்டு' என்ற வினையெச்சமாகி அடுத்த வினையை எதிர்பார்க்கிறது. இதற்கு 'முற்றெச்சம்' என்று பெயர். உருவத்தால் முற்று, தொழிலால் எச்சம். ஆங்கிலத்தின் சார்புக் குளோசும் அதுதானே? 'வென் ஐ கேம்' என்பதில் வினை முற்றாக இருக்கிறது, ஆனால் கருத்து முடியவில்லை. ஆகவே சார்பானதை 'முற்றெச்சத்தொடர்' என்றும் தலைமையானதை 'முற்றுத்தொடர்' என்றும் வழங்கலாம்.

சொற்பிறப்பும் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆங்கிலச் சொல் இலத்தீனில் 'மூடுதல்' என்று பொருள்படும் 'குளவ்டெரே' என்ற வினையிலிருந்து வந்தது. 'குளவ்சுலா' என்பது பேச்சின் ஒரு பகுதி முடிந்து அடையும் இடம். மூடுவதும் முற்றுவதும் ஒன்றுதான். நம் பிள்ளைகள் கதவைக் 'குளோஸ்' பண்ணு என்கிறார்களே, அந்தச் சொல்லும் இதே வேரினது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே வடிவம் பெறுவதால் ஆங்கிலச் சொல்லை அப்படியே வைப்பதும் குழப்பந்தான்.

முற்றெச்சம் நீளம் என்று யாரேனும் கருதினால், 'சொல்' என்று பொருள்படும் 'கிளவி' இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலுக்கே கிளவியாக்கம் என்று பெயர். அந்தச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868 இல் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியில் பிறந்து, இங்கே எங்கள் ஊரின் செமினரியில் ஆங்கிலம் கற்றவர். இரண்டு மொழி இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மண் இது. அந்த மண்ணில் நின்று சொல் ஆக்கும்போது பழைய நூலைத் திறக்காமல் ஆக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யாழ்ப்பாணம் நகரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயாவின் விளக்கத்தைப் பயனோடு வாசித்தேன். ஆயினும் சில ஐயங்கள் உண்டு.

சட்ட ஆவணங்களிலும் இதே ஆங்கிலச் சொல் வருகிறது. அங்கே அதைப் பிரிவு, வாசகம் என்றெல்லாம் இடம் பார்த்துப் பெயர்க்கிறோம். இலக்கணத்தில் வருவது வேறு பொருள் என்பதால் அவற்றை இங்கே கொண்டுவர முடியாது. இருப்பினும் ஒப்பந்தம் ஒன்றின் பகுதியை வாசகம் என்று எழுதினால் கையொப்பமிடுபவர் உடனே விளங்கிக்கொள்கிறார். கலைச்சொல் ஒன்றிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது அந்த உடனடி விளக்கத்தைத்தான்.

மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அதைவிடப் பெரிய கலைச்சொற்பணி நம் ஊரில் நடந்ததாக நான் கருதவில்லை. ஆனால் உடலமைப்பு நூலுக்கு அவர் வழங்கிய 'அங்காதிபாதம்' என்ற பெயர் இன்று எந்த மாணவனுக்கும் தெரியாது. உடற்கூற்றியல் என்றால் தெரியும். உடல், கூறு என்ற இரண்டும் அவன் அறிந்த சொற்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. 'வாக்கியம்' வடசொல்லாக இருக்கலாம். ஆனால் முதலாந் தரத்துப் பிள்ளை 'வாக்கியம் அமைக்குக' என்பதைப் படிக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்து வீட்டில் நாள் வைக்கிறார்கள். நான் உறுப்புவாக்கியத்தை ஆதரிக்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து, மொழியியல் கற்பிப்பவர்:

முற்றெச்சம் என்ற முன்மொழிவு அழகானது; எனினும் அது பொருந்தாது என்று நினைக்கிறேன். 'கண்டனன் வணங்கினான்' என்பதில் கண்டவனும் வணங்கியவனும் ஒருவனே. எழுவாய் ஒன்றுதான். ஆசிரியை காட்டிய வாக்கியத்தில் வந்தது நான், பெய்தது மழை. ஒவ்வொரு குளோசுக்கும் தனக்கென்று ஓர் எழுவாய் உண்டு என்பதுதான் மாணவர் முதலில் விளங்க வேண்டியது. முற்றெச்சம் அதை மறைத்துவிடும்.

இடையில் எதுவும் மறையாமல் சொற்கள் தொடரும் தொகாநிலைத் தொடர்களுள் 'எழுவாய்த்தொடர்' என்று ஒன்றைச் சொல்கிறோமே, 'கண்ணன் வந்தான்' என்பது போல, அது இதற்கு மிக நெருங்கியது. ஆனால் இலக்கணத்தில் 'தொடர்' என்பது இரண்டு சொற்கள் சேர்ந்த எதற்கும் பொது. ஆறுமுக நாவலர் தம் இலக்கணச் சுருக்கத்தின் மூன்றாம் பகுதிக்குத் தொடர்மொழியதிகாரம் என்று பெயரிட்டது அந்தப் பொதுமை கருதித்தான். ஆங்கிலத்தில் சொற்கூட்டமான 'ஃபிறேஸ்' வேறு, 'குளோஸ்' வேறு, முழு வாக்கியமான 'சென்ரென்ஸ்' வேறு என்று மூன்று படி. நம்மிடம் 'தொடர்' மூன்றையும் தழுவுகிறது. ஆகவே குளோசின் பெயரில் தொடர் வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் வாக்கியத்தின் இடையில் முற்றுவினை வரவே வராது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். 'அம்மா வருவார் என்று தம்பி சொன்னான்' என்பதில் 'வருவார்' முழுமையான முற்று. 'யார் முதலில் வருகிறாரோ அவருக்குக் கொடு' என்பதில் 'வருகிறார்' முற்று. நம் மொழியிலும் குளோஸ் இருக்கிறது. 'என்று' என்பதற்கும் ஓகாரத்துக்கும் முன்னால் அது வெளிப்படையாக நிற்கிறது. 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக' என்ற குறளிலோ 'கற்றபின்' என்பதில் யார் கற்றார் என்பதற்கு விகுதி இல்லை. அதை ஆங்கிலத்தில் குளோசாகப் பெயர்ப்பவர் எழுவாய் ஒன்றைத் தாமே கொண்டுவந்து வைக்க வேண்டும். உங்கள் மாணவி தடுக்கிய இடம் அதுதான்.

எச்சத்தொடர் என்ற பெயரை முற்றாக எறியவும் வேண்டாம். குவேர்க் முதலிய நால்வர் 1985 இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம் முற்றுவினை இல்லாத குளோஸ்களையும் குளோஸ் என்றே கொள்கிறது. பழைய பாடசாலை இலக்கணங்கள் அவற்றை ஃபிறேஸ் என்றன. மேல்வகுப்பில் அந்த வகைக்கு எச்சம் என்ற பெயர் உதவும்.

சாவகச்சேரியிலிருந்து, கணித ஆசிரியர்:

'உறுப்பு' எங்கள் பாடத்தில் ஏற்கெனவே வழங்குகிறது. x + y போன்ற ஈருறுப்புக் கோவை என்றால் பத்தாந் தரத்துப் பிள்ளைக்கு உறுப்புகள் எத்தனை, கோவை எது என்று தெரியும். ஓர் உறுப்பு மட்டும் இருந்தாலும் அது கோவைதான். உறுப்புவாக்கியத்துக்கும் அந்த இயல்பு பொருந்துமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுன்னாகத்திலிருந்து, ஆங்கில ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, விளக்கம் எதுவும் சொல்லாமல், ஒவ்வொன்றும் எதைக் குறிக்கும் என்று கேட்டேன்.

'முற்றெச்சத்தொடர்' என்பதற்கு ஒருவரும் கை உயர்த்தவில்லை. 'கிளவி' என்று நான் வாய்விட்டு வாசித்தவுடன் வகுப்பு சிரித்தது. நம் பேச்சில் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிடுவதால் அவர்களுடைய காதில் அது பாட்டியாக விழுந்தது. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லில் குறையில்லை, ஆனால் அந்தச் சிரிப்பை மீறி என்னால் நாற்பது நிமிடம் கற்பிக்க முடியாது. 'உறுப்புவாக்கியம்' என்றதும் பின்வாங்கில் இருந்த ஒரு பையன், "பெரிய வாக்கியத்துக்குள்ள இருக்கிற சின்ன வாக்கியம்" என்றான். எனக்கு வேண்டியது அந்த விடைதான். ஒன்று மட்டும் இருந்தாலும் கோவைதான் என்று கணித ஆசிரியர் எழுதியதையும் அங்கேயே சொன்னேன்; தனி வாக்கியம் என்பது ஒரே உறுப்புவாக்கியத்தால் ஆனது என்பதைப் பிள்ளைகள் தடங்கலின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

மொழியியல் ஆசிரியர் எழுதிய ஒரு செய்தி எங்கள் நூலின் ஒழுங்கையே மாற்றிவிட்டது. பழைய விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். 'என்று' வரும் வாக்கியங்களை மொழிபெயர்க்கும்போது பிள்ளைகள் வினையில் அநேகமாகப் பிழைவிடவில்லை. தமிழிலேயே அங்கு முற்று இருப்பதால் அது அப்படியே ஆங்கிலத்துக்குப் போகிறது. 'போது', 'பின்', 'ஆல்' வரும் இடங்களிலும் பெயரெச்சம் வரும் இடங்களிலுந்தான் தடுக்கி விழுகிறார்கள். 'அப்பா வேலை செய்யும் ஆஸ்பத்திரி' என்பது 'மை ஃபாதர் வேர்க்கிங் ஹொஸ்பிற்றல்' ஆகிறது. 'த ஹொஸ்பிற்றல் வெயார் மை ஃபாதர் வேர்க்ஸ்' ஆவதில்லை. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்பதும், ஆங்கில உறுப்புவாக்கியம் பெயருக்குப் பின்னால் தன் எழுவாயோடும் முற்றுவினையோடும் நிற்பதும் அந்த ஒரே உதாரணத்தில் தெரிகின்றன. ஆகவே 'என்று' வாக்கியங்களை முதற்பாடமாகவும், 'போது' வாக்கியங்களை இரண்டாவதாகவும், பெயரெச்சத்தைக் கடைசியாகவும் மாற்றி அடுக்கியிருக்கிறோம்.

அந்த மாணவியிடம் அதே வாக்கியத்தை மறுபடி கொடுத்தேன். 'கேம்' என்று எழுதிவிட்டு, அதன் கீழ் பென்சிலால் ஒரு கோடும் இழுத்திருந்தாள்.

பருத்தித்துறையிலிருந்து, நூலகர்:

உறுப்புவாக்கியத்துக்கு என் இணக்கம். கிளைவாக்கியம் என்றால் தலைமையானதையும் கிளை என்று சொல்ல நேரும். அடிமரத்தைக் கிளை என்று யாரும் சொல்வதில்லை.

வட்டுக்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பது தெரிகிறது. அச்சுக்குப் போகும் வேலையை நான் தாமதப்படுத்த மாட்டேன். ஆனால் என் கருத்து மாறவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முற்றெச்சத்தில் எழுவாய் ஒன்றே என்ற மறுப்பு வலுவானது. அதற்கு என்னிடம் இப்போது விடையில்லை. எனினும், முற்று வடிவம் கொண்ட வினை வேறொரு வினையைச் சார்ந்து நிற்கலாம் என்பதை நம் இலக்கணகாரர் கண்டு அதற்குப் பெயரும் இட்டிருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது. அவர்கள் அதை ஆங்கிலத்துக்கே உரிய புதுமை என்று எண்ணிக்கொண்டு வளர்வார்கள். அதுதான் என் மனவருத்தம். வகுப்பு சிரிக்கும் என்பதற்காகக் கிளவியைக் கைவிடுவதையும் நான் ஏற்கவில்லை. ழகரத்தைத் திருத்திச் சொல்லப் பழக்குவதும் ஆசிரியர் வேலைதான். மேலும், குளோசின் பெயரில் தொடர் வேண்டாம் என்று முடிவு செய்த நீங்கள் ஃபிறேசை 'சொற்றொடர்' என்றுதான் எழுதப் போகிறீர்கள். தமிழகத்து நூல்கள் சிலவற்றில் முழு வாக்கியத்துக்கே அந்தப் பெயர் உண்டு. அதை வாசிக்கும் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்?

சுன்னாகத்திலிருந்து, ஆங்கில ஆசிரியை:

ஐயா, சொற்றொடர் பற்றி நீங்கள் கேட்டதற்கு எங்கள் மூவரிடமும் விடையில்லை. இந்தப் பதிப்பில் 'சொற்றொடர்' என்றே போகிறது. அதன் முதற்பக்கத்தில், இந்நூலில் இச்சொல் முற்றுவினை இல்லாத சொற்கூட்டத்தை மட்டும் குறிக்கும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

உறுப்புவாக்கியத்தை அறிமுகம் செய்யும் பக்கத்தின் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. 'கண்டனன் வணங்கினான்' என்ற உதாரணத்தையும் முற்றெச்சம் என்ற பெயரையும் அங்கே போட விரும்புகிறேன். அந்த இரண்டு வரியையும் நீங்களே எழுதி, வியாழன் மாலைக்குள் அனுப்பித் தருவீர்களா?