டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் கல்லூரி மலர்

குழு: டவுன் வீட்டுச் சொந்தங்கள்

டவுன் அத்தை: வெள்ளையடிக்கிற ஆட்கள் நாளைக்கு வருகிறார்கள். மச்சில் இருக்கிற டிரங்குப் பெட்டியை யாராவது வந்து பாருங்கள். கரையான் ஏறியிருக்கு.

தென்காசி சித்தி: அதில் பித்தளைப் பானை இருந்ததே மதினி?

டவுன் அத்தை: அது எப்போதோ போயாச்சு. யார் கொண்டுபோனது என்று எல்லாருக்கும் தெரியும்.

சித்தப்பா: திரும்பவும் பானையா?

டவுன் அத்தை: (படம்) அப்பா படித்த திருநெல்வேலி இந்துக் கல்லூரி மலர், 1952. அட்டை பாதி போச்சு.

பெரியப்பா: அதை வெயிலில் வைக்காதே. நிழலில் விரித்து வை. கடைசிப் பக்கங்களில் பழைய மாணவர் செய்தி இருக்கும், அதைப் பார். அப்போது இன்டர்மீடியட் இரண்டு வருஷம், அதற்கு மேல் பி.ஏ. இரண்டு வருஷம். பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். மதுரைப் பல்கலைக்கழகமே 1966இல்தான் வந்தது, நம்ம மனோன்மணியம் சுந்தரனார் 1990இல். பேப்பரில் வருவது வெறும் பரீட்சை நம்பர். எங்கே போனான், என்ன வேலை பார்க்கிறான் என்று ஊர்க்காரப் பையனைப் பெயர் சொல்லி விசாரித்தது இந்த மாதிரி மலர்தான். தூத்துக்குடி, தென்காசி எல்லாம் அப்போது ஒரே திருநெல்வேலி ஜில்லா. எல்லா ஊர்ப் பையன்களும் அதில் இருப்பார்கள்.

சென்னைத் தம்பி: பாரதியார் தாத்தாவுக்கு சீனியரா?

பெரியப்பா: ஏலே, பாரதி 1921இலேயே காலமாகிவிட்டார். அவர் அங்கே பள்ளிக்கூடத்தில் படித்தது 1890களில். காலேஜில் பி.ஏ. முடித்தவர் புதுமைப்பித்தன், 1931இல்.

சென்னைத் தம்பி: சரி சரி

டவுன் அத்தை: வாசிக்கிறேன். ஒருவர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஒருவர் கொழும்பில் கடைக் கணக்கு. ஒருவர் பொதுத் தேர்தலுக்கு வாக்குச்சாவடி வேலை பார்த்திருக்கிறார். ஒருவர் செங்கோட்டையில் வாத்தியார், பக்கத்தில் ‘திருவிதாங்கூர்-கொச்சி’ என்று போட்டிருக்கு.

தென்காசி சித்தி: செங்கோட்டையா??

பெரியப்பா: 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்த ராஜ்யம்தான். உங்கள் ஆச்சி கல்யாணமாகி வந்தது வேறு ராஜ்யத்திலிருந்து.

தென்காசி சித்தி: அதான் அவ்வளவு அதிகாரம்

டவுன் அத்தை: அப்பா பெயர் இருக்கு. ‘குடும்பப் பொறுப்பினால் இன்டர்மீடியட்டோடு நின்று, பாபநாசம் மில்லில் சேர்ந்திருக்கிறார். கால்பந்து அணியில் அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் அமையவில்லை.’

சென்னைத் தம்பி: தாத்தா கால்பந்தா!

சித்தப்பா: நான் பந்தைத் தூக்கினாலே திட்டுவாரே.

பெரியப்பா: அவருடைய அப்பா இறந்த வருஷம் அது. இரண்டு தங்கச்சிகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், பி.ஏ.வுக்குக் கட்ட வைத்திருந்த பணத்தில்தான் காரியம் நடந்தது என்று. பந்து பற்றி என்னிடமும் சொல்லவில்லை.

சித்தப்பா: அதனால்தான் உன்னைப் படிக்க வைத்தார். என் முறை வரும்போது பணம் தீர்ந்துபோச்சு.

டவுன் அத்தை: உங்களுக்காவது முறை என்று ஒன்று இருந்தது. சாராள் தக்கர் பெண்கள் காலேஜ் 1895இலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் இருக்கு. என்னைப் பாலம் தாண்ட விட்டாரா?

தென்காசி சித்தி: மதினி

பெரியப்பா: அவர் அதற்கு வருத்தப்பட்டார்.

டவுன் அத்தை: என்னிடம் சொல்லவில்லையே அண்ணா.

சித்தப்பா: நான் நாளைக்குக் காலையில் வருகிறேன் அக்கா. பெட்டியை நான் இறக்குகிறேன். நீ மச்சில் ஏறாதே.

பெரியப்பா: மலரைக் காலேஜ் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம். அதில் நம் அப்பா மட்டும் இல்லை. கொழும்புக்குப் போனவர் வீட்டுப் பிள்ளைகள் என்றைக்காவது தேடி வருவார்கள். நம் வீட்டு மச்சில் கிடந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பா: அப்பா பெயர் அச்சில் வந்தது இது ஒன்றுதான். வீட்டிலேயே இருக்கட்டும்.

சென்னைத் தம்பி: நான் ஸ்கேன் செய்கிறேன். ஆளுக்கு ஒரு பிரதி.

பெரியப்பா: பிரதி வேறு, மலர் வேறு.

தென்காசி சித்தி: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தால் பேசி முடிக்கலாம். சொதி வைப்பீர்களா மதினி?

டவுன் அத்தை: வெள்ளையடித்த வீட்டில் உட்காரவே இடம் இருக்காது.

சித்தப்பா: முற்றத்தில் உட்காருவோம். தேங்காய் நான் வாங்கி வருகிறேன்.

பெரியப்பா: சொதி இருக்கட்டும். மலர் விஷயம்?

டவுன் அத்தை: அது இப்போதைக்கு என்னிடம் இருக்கும். நான் இன்னும் முழுசாக வாசிக்கவில்லை.

சென்னைத் தம்பி: அத்தை, கால்பந்து அணி போட்டோ இருக்கிறதா பாருங்கள்.

டவுன் அத்தை: ஒரு குரூப் போட்டோ இருக்கு. கரையான் தின்றது போக ஏழு முகம். இதில் அப்பா யார் என்று எனக்கே தெரியவில்லை. அனுப்புகிறேன், அண்ணன் பார்த்துச் சொல்லட்டும்.

பெரியப்பா: அனுப்பு. கண்ணாடி எடுத்து வருகிறேன்.