ரயில் இன்ஜினை எதுக்கு ரோட்டுல இழுத்துட்டு போனாங்க?

கரிப்புகை77:
நேத்து தூக்கம் வராம பழைய போட்டோவா பாத்துட்டு இருந்தேன், கிளாஸ்கோ ஊர், 1930 வாக்குல எடுத்ததா இருக்கும். புத்தம்புது ஸ்டீம் இன்ஜின் ஒண்ணை பெரிய ட்ரெய்லர்ல ஏத்தி நடு ரோட்டுல இழுத்துட்டு போறாங்க, ரெண்டு பக்கமும் கடை, சின்னப் பசங்க வாயைப் பொளந்து நிக்கிறாங்க. துறைமுகத்துக்கு போகுதுன்னு கீழ போட்டிருந்துச்சு. என் சந்தேகம் இதுதான், இன்ஜின் கட்டுற ஃபேக்டரிக்கு ரயில் லைன் இல்லாமலா இருக்கும்? தண்டவாளத்துல ஓடுறதுக்குன்னே செஞ்ச பொருளை ஏன்யா ரோட்டுல கொண்டு போகணும்? இன்னும் ரெண்டு விஷயம் இடிக்குது. இன்ஜினுக்குப் பின்னாடி கரி, தண்ணி வச்சிருக்குற டெண்டர் வண்டியைக் காணோம். அப்புறம் ட்ரெய்லருக்குப் பின்னாடி இன்னொரு டிராக்டர் கட்டியிருக்கு, அது தள்ளுதா என்னன்னு புரியல.

பெரம்பூர்வாசி:
ஸ்பிரிங்பர்ன் ஏரியாவா இருக்கும் தம்பி. 1903ல நீல்சன் ரீட், டப்ஸ், ஷார்ப் ஸ்டூவர்ட்னு மூணு கம்பெனி சேந்து நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் ஆச்சு, உலகம் பூரா இன்ஜின் அனுப்பின இடம். ரயில் லைன் எல்லாம் இருந்துச்சு, ஆனா அது 4 அடி 8½ அங்குல கேஜ், அதாவது தண்டவாள அகலம். நம்ம பிராட் கேஜ் 5 அடி 6, தென்னாப்பிரிக்கா 3 அடி 6, மீட்டர் கேஜ் வேற. அந்த சக்கரத்தை வச்சுகிட்டு அந்த ஊர் தண்டவாளத்துல எப்படி உருளும்? பொறந்த ஊர்ல ஓடவே முடியாத இன்ஜின் அது. எங்கப்பா விழுப்புரம் ஷெட்ல இன்ஜினுக்கு கரி அள்ளிப் போடுற ஃபயர்மேனா இருந்தவர், மீட்டர் கேஜ் இன்ஜின்ல கிளாஸ்கோன்னு பேர் போட்ட பிளேட்டை என்னை தூக்கிப் பிடிச்சு காட்டியிருக்கார். அதுவும் இப்படி ரோட்டுல ஊர்வலம் போய்த்தான் கப்பல் ஏறியிருக்கும்னு இப்பதான் தோணுது.

தண்டவாளம்_தனபால்:
கேஜ் மட்டும்தான் காரணம்னா ஒரு வேகன் மேல ஏத்தி ரயில்லயே அனுப்பியிருக்கலாமே அண்ணே. அசல் சிக்கல் சைஸ். பிரிட்டன்ல பாலம், டனல், பிளாட்ஃபார்ம் எல்லாம் ஆரம்ப காலத்துலயே குறுகலா கட்டித் தொலைச்சுட்டாங்க, சுமார் 9 அடி அகலத்துக்கு மேல போனா எங்கயாவது இடிக்கும். நம்ம பிராட் கேஜ் வண்டி 10 அடிக்கு மேல. தென்னாப்பிரிக்கா கதை இன்னும் வேடிக்கை, தண்டவாளம் பிரிட்டனை விட குறுகல், ஆனா அது மேல ஓடுற இன்ஜின் பிரிட்டன் இன்ஜினை விட அகலம். இதை விட நல்ல உதாரணம் சீனாக்காக லங்காஷயர்ல வல்கன் ஃபவுண்டரி 1935 வாக்குல கட்டின கேஎஃப்7 இன்ஜின். அதோட கேஜ் பிரிட்டன் கேஜேதான், இருந்தும் அந்த ஊர் லைன்ல ஓட்ட முடியாத சைஸ். ஒண்ணை சீனா திருப்பிக் குடுத்து இப்ப யார்க் மியூசியத்துல நிக்குது, நின்னுட்டு மட்டும்தான் இருக்க முடியும்.

கரிப்புகை77:
ஓ இப்படி ஒண்ணு இருக்கா, நான் கேஜ்னாலே ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல உள்ள தூரம்னு மட்டும் நினைச்சுட்டு இருந்தேன். சரி, பிரிச்சு பெட்டியில போட்டு அனுப்பலாமே?

சுக்கான்:
கப்பல் பக்கம் நான் சொல்றேன். ரொம்ப காலம் அப்படித்தான் பண்ணாங்க, முழுசா கட்டிப் பாத்துட்டு பிரிச்சு பெட்டி பெட்டியா அனுப்பி அங்க ஒர்க்‌ஷாப்ல மறுபடி மாட்டுவாங்க, ஆள் கூலி, நாள் விரயம், ஒரு போல்ட்டு காணாம போனா அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் குந்திட்டு இருக்கணும். 1920கள்ல நார்வேக்காரர் கிறிஸ்டன் ஸ்மித்னு ஒரு கேப்டன் பெல்ஜியத்துக்கு 200 இன்ஜினை முழுசாவே கப்பல்ல கொண்டு போய் சேத்தார், பெல்ஷிப்ஸ் கம்பெனி அவரோடதுதான். முழு இன்ஜினை தூக்க கிரேன் வேணும்ல, அதுக்குத்தான் கிளைட் ஆத்தங்கரையில ஃபின்னிஸ்டன் கிரேன், 175 டன் தூக்கும், 1930கள் ஆரம்பத்துல வந்துச்சு. இன்னிக்கும் நிக்குது, தூக்க ஒண்ணும் இல்லாம. டெண்டர் விஷயமும் இதுலயே இருக்கு. தென்னாப்பிரிக்காவோட 15எஃப் இன்ஜின் டெண்டரோட சேத்து 180 டன் கிட்ட வரும், அதனால கழட்டி தனி டிரிப்பா கொண்டு வருவாங்க.

தண்டவாளம்_தனபால்:
பின்னாடி கட்டின டிராக்டர் தள்ளலை ப்ரோ, பிடிக்குது. ஸ்பிரிங்பர்ன் இருக்குறது மேட்டுல, ஆத்தங்கரை பள்ளத்துல. நூறு டன்னை இறக்கத்துல விட்டா முன்னாடி இழுக்குறவனை ஏறி மிதிச்சுட்டு போயிடும், அதான் பின்னாடி ஒரு பிரேக். இங்கிலாந்து பக்கம் ஸ்காம்மெல் கம்பெனி நூறு டன் தாங்குற லாரின்னு ரெண்டே ரெண்டு கட்டுச்சு, அதுல டிரைவர் முன்னாடி, ட்ரெய்லர் கடைசியில பின் சக்கரத்தைத் திருப்ப தனியா ஒரு ஆள், வேகம் கிட்டத்தட்ட நம்ம தேர் வேகம்தான். தேருக்கு முட்டுக்கட்டை போடுறவர் மாதிரி பின்னாடி உக்காந்திருக்குறவர் கொஞ்சம் அசந்தா முனைக் கடை காலி.

இன்னொரு கூத்து, கிளாஸ்கோ டிராம் கேஜ் 4 அடி 7¾ அங்குலம். முக்கால் அங்குலம் எதுக்கு குறைச்சாங்கன்னா ரயில் வேகன் டிராம் தண்டவாளத்துப் பள்ளத்துல சக்கரத்தோட விளிம்பை ஊனி கப்பல் கட்டுற இடம் வரைக்கும் போகட்டும்னு. சாதா வேகனுக்கு நடு ரோட்டுல பாதை இருந்துச்சு, ஏற்றுமதி இன்ஜினுக்குத்தான் இல்ல.

பெரம்பூர்வாசி:
இப்பவும் ஸ்ரீசிட்டியில கட்டின மெட்ரோ பெட்டி சென்னைக்கு ட்ரெய்லர்லதான வந்துச்சு. டிராஃபிக்ல மாட்டி ஹாரன் அடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். தம்பி, அந்த இன்ஜின் எந்த நாட்டுக்குப் போச்சுன்னு போட்டுருக்கா?

கரிப்புகை77:
இல்லண்ணே. முன்னாடி ரெண்டு ஓரத்துலயும் பஃபர், அதான் இடி தாங்குற தட்டு, இருக்கு, கீழ மாடு தள்ளுற கம்பி இருக்கு. அப்போ இந்தியாதானே??

தண்டவாளம்_தனபால்:
பஃபர் இருந்தா தென்னாப்பிரிக்கா இல்ல, அங்க நடுவுல பெட்டியை இணைக்குற கப்ளர் மட்டும்தான். ஆனா அவசரப்படாதீங்க, அர்ஜென்டினாவும் அதே 5 அடி 6, அங்கயும் பஃபர் உண்டு. கம்பெனி எழுத்து டெண்டர்ல இருக்கும்.

கரிப்புகை77:
டெண்டர்தான் போட்டோல இல்லையே 🤦