அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிவு: டைட்டானியமா, ஸ்டீலா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 68. முந்தாநாள் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குச் சற்றுக் கீழே உடைந்துவிட்டது. தொடை எலும்பின் உச்சியில் பந்து போல இருக்கும் முனைக்கு அடுத்த கழுத்துப் பகுதியில் உடைந்திருந்தால் மூட்டையே மாற்ற வேண்டி வந்திருக்கலாமாம். இது அதற்கும் கீழே என்பதால் எலும்புக்குள் ஆணி செலுத்தி, பந்துக்குள் ஸ்க்ரூ ஏற்றி நிறுத்தப் போகிறார்கள். பிஎஃப்என் என்கிறார்கள். சரி, அதில் குழப்பமில்லை.

குழப்பம் உலோகத்தில்தான். கவரிங் தோடு போட்டாலே அம்மாவுக்குக் காது புண்ணாகிவிடும். நிக்கல் ஒவ்வாமை என்று தோல் டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். எலும்புக்கு வைக்கும் 316எல் ஸ்டீலில் நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. டைட்டானியத்தில் அந்தத் தொல்லை இல்லை. விறைப்பும் ஸ்டீலில் ஏறக்குறையப் பாதிதான், அதனால் எலும்பும் சுமையில் பங்கெடுக்கும். விலைதான் கூடுதல். மருத்துவமனையில் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான், பேசி முடிவு சொல்லுங்க" என்று விட்டுவிட்டார்கள். தோடு கதையை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை.

நாளைக் காலைக்குள் சொல்லியாக வேண்டும். இந்த வயதில் படுக்கையிலேயே நாள் கடத்தினால் நெஞ்சில் சளி, படுக்கைப்புண் என்று வேறு வந்து சேரும்.

நிக்கல் ஒத்துக்கொள்ளாத யாருக்காவது ஸ்டீல் வைத்தீர்களா? அரிப்போ வலியோ வந்ததா? அப்புறம், எத்தனை நாளில் வாக்கர் பிடித்து நடக்க விட்டார்கள்? எலும்பு டாக்டர்கள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.