பழைய காரில் விட்டுவிட்டு எரியும் எச்சரிக்கை விளக்குகள்: ஆல்டர்னேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். என் தந்தையார் 2008இல் வாங்கிய பெட்ரோல் காரை இப்போது நான் ஓட்டி வருகிறேன். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதங்களாக, ஏசி போட்டுச் சிக்னலில் நிற்கும்போதும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் பேட்டரி, ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங் ஆகிய மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிந்து, சில நொடிகளில் தாமாகவே அணைந்துவிடுகின்றன. மழை நாளில் தொல்லை அதிகம். இது தவிர, வளைவில் திரும்பும்போது மட்டும் டாஷ்போர்டில் உள்ள பிரேக் எச்சரிக்கை விளக்கு ஒரு கணம் மினுக்குகிறது. பேட்டரியை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இப்போது, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மெக்கானிக்கின் முன்னால் ஒரு விளக்கும் எரிவதில்லை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வண்டி என்பதால், நடுவழியில் நின்றுவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

முதல் பதில்:
ஆல்டர்னேட்டருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். மூன்று விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால், மூன்றும் தனித்தனியே பழுதாகியிருப்பதைவிட, மூன்றுக்கும் பொதுவான மின்னழுத்தம் குறைகிறது என்று கொள்வதே பொருத்தம். எஞ்சினையும் பாடியையும் இணைத்து, மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப வழிதரும் எர்த் வயரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், ஏசி கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போதும் வேகத்தடையிலும் அது அசைகிறது. எர்த் போல்ட்டின் அடியில் துரு பிடித்திருந்தால் அந்த அசைவில் தொடர்பு விட்டுப்போகும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டுக்கொண்டு, பேட்டரி முனைகளில் அளந்தால் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். குறைவாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை எர்த்தில் இருக்கிறது. விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகில் கையோ துணியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னது சரி. ஆனால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில், அதில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றினால் சில வண்டிகளில் அவை அழிந்துவிடும். பி0562 என்று வந்தால் மின்னழுத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும்.

பிரேக் விளக்கை இவற்றோடு சேர்க்காதீர்கள். பிரேக் ஆயில் மட்டம் இறங்கியிருந்தால், வளைவில் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும்போது உள்ளிருக்கும் மிதவை தாழ்ந்து விளக்கு மினுக்கும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடுகள் தேயத் தேய அந்த மட்டம் இறங்கும் என்பதால், ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு அமைதியாகிவிடாமல், பேடுகளையும் கசிவு உள்ளதா என்பதையும் உடனே பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விளக்குகள் எரியும் நிலையிலேயே அளந்தேன். ஆல்டர்னேட்டரில் 14.1 வோல்ட், பேட்டரியில் 12.9, இந்த இழப்பில் 1.0 வோல்ட் எர்த் பக்கத்திலேயே. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சையாகப் பூத்திருந்தது, வயரின் இழைகளில் பாதி அறுந்திருந்தன. புது எர்த் வயர் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. நல்ல மழையிலும் அந்த மூன்று விளக்குகளும் எரியவில்லை. முன் பிரேக் பேடுகள் 2 மில்லிமீட்டர்தான் மீதமிருந்தன, அவற்றையும் மாற்றிவிட்டேன்.

முதல் பதில் எழுதியவர்:
மகிழ்ச்சி. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் வயருக்கும் அதே வயதுதான் என்பதால், அதன் போல்ட்டையும் ஒருமுறை கழற்றிச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.