எல்.கே.ஜி. வகுப்பில் புளியங்கொட்டையா?

கரும்பலகை:
நேற்று இங்கே ஒரு டீச்சரம்மா எழுதியிருந்தார்: எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஒர்க்ஷீட்டே வேண்டாமாம். மரக்கட்டை, துணி, சோழி, புளியங்கொட்டை கொடுத்தால் போதுமாம், தானே கற்றுக்கொள்ளுமாம். முப்பது பிள்ளைக்கு ஒரு மிஸ் இருக்கும் வகுப்பில் எவன் மூக்குக்குள் கொட்டை போகிறது என்று யார் பார்ப்பது?

மணல்வீடு:
அந்த டீச்சரம்மா நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம் சார். நான் சொன்னது, இப்படித்தான் விளையாட வேண்டும் என்று விதி இல்லாத பொருள்களை. என் வகுப்பில் ஒருத்தி கொட்டைகளை வரிசையாக வைத்து ரயில் விட்டாள். பக்கத்தில் இருந்தவன் நாலை எடுத்து டிக்கெட் என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டான். "என் ரயில்ல நாலு பெட்டி குறையுது மிஸ்!" என்று ஒரே அழுகை. கழித்தலை நான் சொல்லித்தரவே இல்லை. 1837-இல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் கிண்டர்கார்டன் கல்வியைத் தொடங்கியதும் கம்பளிப் பந்து, மர உருளை, கனசதுரம் இவற்றை வைத்துத்தான்.

கரும்பலகை:
ஃப்ரோபெல் புளியங்கொட்டை கொடுத்தாரா?

மணல்வீடு:
பட்டாணி கொடுத்தார். ஊறவைத்த பட்டாணியில் குச்சியைச் செருகி வீடு கட்டுவது அவர் முறையில் உண்டு. போதுமா?

கரும்பலகை:
பட்டாணி வேறு, புளியங்கொட்டை வேறு. கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ரெண்டாம்பெஞ்சு:
எதற்கு இவ்வளவு சண்டை? மாண்டிசோரிப் பள்ளி முறையைத் தந்த மரியா மாண்டிசோரியும் இதைத்தானே சொன்னார்? நம்ம அடையாறுக்கே வந்தவர்.

மணல்வீடு:
1939-இல் வந்தார், சரி. ஆனால் அவர் சொன்னது இது இல்லை. அவருடைய 'இளஞ்சிவப்புக் கோபுரம்' என்ற அடுக்குப் பொருளில் பத்துக் கட்டை, பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்க ஒரே வரிசைதான். ரயில், டிக்கெட் எல்லாம் அங்கே நடக்காது. அப்புறம், கரும்பலகை சாருக்கு ஒரு தகவல்: அதில் கடைசிக் கட்டை ஒரு சென்டிமீட்டர்தான். அது மட்டும் மூக்கில் போகாதா? போன மாதம் கையெழுத்து நோட்டு விவாதத்திலும் இப்படித்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்.

கரும்பலகை:
கையெழுத்து நோட்டில் நான் சொன்னதுதான் சரி. அங்கே வாயை மூடிக்கொண்டு போனது யார்? அந்தக் கட்டையாவது கடையில் வாங்கியது. புளியங்கொட்டை எந்தக் கடைப் பொம்மை?

மணல்வீடு:
ஓஹோ, பில் இருந்தால் மூக்கில் போகாதோ! 2023-இல் ஒன்றிய அரசே மூன்று முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு பொம்மை, புதிர் எல்லாம் போட்டு 'ஜாதுய் பிட்டாரா' (மாயப் பெட்டி) என்று வெளியிட்டது. அதையும் பிடுங்கிவிடலாமா?

ரெண்டாம்பெஞ்சு:
பல்லாங்குழி ஆடிய ஊருக்கு இந்திப் பெயரில் பெட்டி எதற்கு மேடம்?

மணல்வீடு:
பெயர் நான் வைத்ததா?

கரும்பலகை:
பல்லாங்குழி பெரியவர்கள் ஆடியது. அவர்கள் மூக்கில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ரெண்டாம்பெஞ்சு:
என் பாட்டி ஐந்து வயதில் ஆடியவர். பாட்டியை இழுக்காதீர்கள்.

கரும்பலகை:
இழுத்தது நீங்கள்.