மறுமொழி: கால்நடைச் சோதனைச்சாவடியா, நோய்வேலிக் கடவையா?

அன்பின் நண்பர்களுக்கு,

நமீபியா, பொட்ஸ்வானா வழியாகத் தரைவழிப் பயணம் போகிறவர்களுக்கான குறிப்புகளைத் தமிழாக்கும்போது, கால்நடை நோய் பரவாமல் இட்ட வேலியின் வாசலில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் இடத்தை (veterinary checkpoint) ‘கால்நடைச் சோதனைச்சாவடி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என ஐயா முந்தைய மடலில் எழுதியிருந்தார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கொழும்பில் வளர்ந்த என் தலைமுறைக்குச் சோதனைச்சாவடி என்றால் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற நினைவுதான் வரும். நமீபிய வேலி வாசலிலோ அலுவலர் திறந்து பார்ப்பது குளிர்பெட்டியை. தேடுவது பச்சை இறைச்சியை.

‘எல்லை’ என்ற சொல்லும் பொருந்தாது. தரை எல்லையே இல்லாத தீவில் இருக்கும் நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடுவதில்லை. நமீபியாவின் வேலி நாட்டுக்குள்ளேயே குறுக்காக ஓடுகிறது. கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி வெகுதூரம் வந்த பிறகும், வடக்கிலிருந்து இறங்குகிறவர்களை வேலியின் வாசல்களில் ஒன்றான ஒஷிவேலோவில் மறுபடி நிறுத்துவார்கள். மாடுகளின் வெக்கை நோய்க்கு அஞ்சி 1896-97இல் ஜேர்மன் ஆட்சி இட்ட காவல் வரிசையில் தொடங்கியது இது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் மாடுகளுக்குக் காலிலும் வாயிலும் புண் வரும் கோமாரிக்காக வேலி இன்னும் இருக்கிறது. ஆபிரிக்கக் காட்டெருமைகள் அந்த வைரஸை நோய்க்குறி இல்லாமலே சுமக்கின்றன. வேலிக்குத் தெற்கின் மாட்டிறைச்சியோ ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிறது, அதனால் நோய் அங்கே இறங்கக்கூடாது.

(கோமாரி என்றே எழுதுவோம். ‘கால்வாய் நோய்’ என்று சேர்த்து அச்சடித்தால் வாய்க்கால்தான் மனதில் வரும்.)

எனவே வேலிக்கு ‘நோய்வேலி’, அதன் வாசலுக்கு ‘நோய்வேலிக் கடவை’ என்று முன்மொழிகிறேன். பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்று நாளாந்தம் சொல்கிறோம். கடவுச்சீட்டுக்கும் அதே வேர்தான். யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா வீட்டுப் பனையோலை வேலியில் ஒரு கடவை இருந்தது. குறுக்கே தடி கட்டியிருக்கும். நாங்கள் தாண்டிப் போவோம், மாடு போகாது. ஆளை விட்டு மாட்டை மறிக்கிற வழி என்ற பொருள் அந்தச் சொல்லில் முன்பே இருக்கிறது. அதனால்தான் இதற்காக இவ்வளவு வாதாடுகிறேன்.

பொட்ஸ்வானாவில் கிருமி நீங்கச் சலவைச் சோடாக் கரைசலில் செருப்பை மிதித்து எடுக்கச் சொல்கிறார்களே, அதற்கு ‘மிதிதொட்டி’ போதும்.

‘நோய்வேலி’யை நோய் பிடித்த வேலி என்று யாரும் படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ‘நோய்மறி வேலி’ என்றால் தெளிவு கூடும், நீளமும் கூடும். குழுவில் உள்ள கால்நடை வைத்தியர்கள், எது வாயில் இலகுவாக வருகிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து